முதலில் வளை, பிறகு ஹாம்ஸ்டர்

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. போன கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை என் அண்ணன் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது.

“அத்தை, நாளைக்கு ஹாம்ஸ்டர் வாங்கப் போறோம்! அப்பா சரின்னு சொல்லிட்டார். நீங்களும் வரணும். பழுப்புக் கலர் வாங்கலாமா, வெள்ளை வாங்கலாமா?”

“கலர் இருக்கட்டும்மா. அதுக்கு வளை தயாரா?”

“வளையா? கூண்டு கடையிலேயே தர்றாங்க அத்தை!”

தம்பி தங்கைகளே, உங்களில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஹாம்ஸ்டர் மண்ணுக்குள் வாழப் பிறந்த விலங்கு. அதற்கு என்ன தேவை என்று அதன் வளையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையில் பார்த்தது

மறுநாள் மாலை ஆறரை மணிக்குக் கடைக்குப் போனோம். பகலில் போனால் ஹாம்ஸ்டர்கள் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிற விலங்கு நலமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு முழம்கூட இல்லாத கம்பிக் கூண்டு. அதில் ஐந்து ஹாம்ஸ்டர்கள். ஒன்று கண் விழித்து, சோம்பல் முறித்து, தீனிக் கிண்ணத்துக்கு வந்தது. சூரியகாந்தி விதை ஒன்றை முன்னங்கால்களால் எடுத்து வாயோரம் வைத்தது. விதை காணாமல் போனது. அடுத்தது, அதற்கடுத்தது. அண்ணன் மகள் எண்ண ஆரம்பித்தாள். பதினேழு வரை எண்ணினாள். அதற்குள் ஹாம்ஸ்டரின் முகம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது! பிறகு அது மூலைக்குப் போய், கன்னத்தை முன்னங்கால்களால் பின்னாலிருந்து முன்னால் நீவி, எல்லா விதைகளையும் வெளியே தள்ளிக் குவித்தது. ஒரு விதைகூட நனைந்திருக்கவில்லை.

ஹாம்ஸ்டரின் இரண்டு கன்னங்களிலும் தோள்வரை நீளும் பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் எச்சில் சுரப்பதில்லை. அதனால்தான் தானியம் காய்ந்தபடியே இருக்கும்; வளையில் சேமித்தால் கெடாது. நம் செங்கல்பட்டுப் பக்கத்து வயல் எலியும் அறுவடைக் காலத்தில் நெற்கதிர்களை வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். எலி வளையைத் தோண்டி நெல் எடுத்த கதையைச் சொல்வார்கள். வயல் எலி, ஹாம்ஸ்டர், அணில் எல்லாம் கொறிக்கும் விலங்குகள் என்ற ஒரே பெரிய பிரிவைச் சேர்ந்தவை.

சிலர் ஹாம்ஸ்டரை வெள்ளெலி என்று சொல்கிறார்கள். நம் ஊர்க் காட்டோரங்களில் வாழும் வெள்ளெலி வேறு. ஹாம்ஸ்டர் இந்த மண்ணைச் சேர்ந்ததல்ல.

கூண்டிலிருந்த இன்னொரு ஹாம்ஸ்டர் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. “பல்லைத் தீட்டுது பாப்பா” என்றார் கடைக்காரர். அதில் பாதி உண்மை. ஹாம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். பல்லின் முன்பக்கம் கெட்டி. பின்பக்கம் சற்று மென்மை. கொறிக்கும்போது பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால், தச்சரின் உளியைப் போல முனை எப்போதும் கூராகவே இருக்கும். அதற்காகக் கடிக்க ஒரு மரத்துண்டு போதும். கம்பியை ஏன் கடிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2006இல் விடை சொன்னார்கள். ஹாம்ஸ்டர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவின் கூண்டுகளில் மரச்சீவல் 10 செ.மீ. ஆழம். இரண்டாவதில் 40 செ.மீ. மூன்றாவதில் 80 செ.மீ. முதல் பிரிவு ஹாம்ஸ்டர்கள்தாம் கம்பியை அதிகம் கடித்தன. 80 செ.மீ. ஆழம் கிடைத்தவற்றில் ஒன்றுகூடக் கம்பியைக் கடிக்கவில்லை! அவை வளை தோண்டி உள்ளே நிம்மதியாக இருந்தன. அப்படியானால் கம்பியைக் கடிப்பதற்கு என்ன பொருள்? இங்கே தோண்ட இடம் இல்லை, நான் வெளியே போக வேண்டும் என்பதுதான்.

சென்னையில் தொடங்கிய கதை

ஹாம்ஸ்டர் எப்படி வீட்டுப் பிராணி ஆனது தெரியுமா? அந்தக் கதையின் ஒரு முனை நம் சென்னையில் இருக்கிறது.

முன்பு இந்தியாவில் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் ஏராளமானவர்களைக் கொன்றது. காய்ச்சல் விடாது, மண்ணீரல் வீங்கும், உடம்பு உருக்குலையும். எந்தக் கிருமியால் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1903இல், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலில் அந்தக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டில் லண்டனில் வில்லியம் லீஷ்மன் என்பவரும் அதைப் பற்றி எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்துக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனோவனி என்று பெயர் வைத்தார் ரொனால்டு ராஸ். கொசுவால் மலேரியா பரவுகிறது என்று நிரூபித்தவர் அவர்தான்.

இந்த நோய் வகையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சால் அட்லர். அவருடைய ஆய்வுக்குச் சீன ஹாம்ஸ்டர்கள் தேவைப்பட்டன. அவை கூண்டில் குட்டி போடவில்லை. வேறு வகை கிடைக்குமா என்று கேட்டார். அதைத் தேடி 1930 ஏப்ரலில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ நகருக்குப் போனார். அங்கே ஒரு கோதுமை வயலை ஆட்கள் ஆழமாகத் தோண்டியபோது, ஒரு வளையில் தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. பொன்னிறமாக இருந்தன. ஆனால் பயந்துபோன தாய் தன் குட்டிகளில் ஒன்றைத் தானே கடித்துக் கொன்றுவிட்டது. குட்டி ஈன்ற ஹாம்ஸ்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

மீதிக் குட்டிகளிலும் சில தப்பி ஓடின, சில இறந்தன. எஞ்சிய மூன்று நான்கு குட்டிகளிலிருந்து ஓராண்டுக்குள் சுமார் 150 ஹாம்ஸ்டர்கள் பெருகின. 1931இல் பிரிட்டனுக்குப் போயின. பிறகு ஆய்வகங்களிலிருந்து வீடுகளுக்குப் போயின. இன்று உலகெங்கும் கூண்டுகளில் வாழும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே வளையின் வாரிசுகள்!

காட்டு ஹாம்ஸ்டர்களின் நிலை என்ன? சிரியா, துருக்கி எல்லையை ஒட்டிய சிறு பகுதியில் மட்டுமே அவை வாழ்கின்றன. பயிரைத் தின்பதால் விவசாயிகள் கொல்கிறார்கள். அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் அவை இடம்பெற்றுவிட்டன.

வளைக்குள் போய்ப் பார்ப்போம்

1997லும் 1999லும் ரோல்ஃப் கட்டர்மன் என்ற ஜெர்மானிய விலங்கியலாளரின் குழு வடக்குச் சிரியாவுக்குப் போய் ஹாம்ஸ்டர் வளைகளை அளந்தது. சராசரி ஆழம் 65 செ.மீ. சிலவற்றின் ஆழம் ஒரு மீட்டரையும் தாண்டியது. உள்ளே தூங்க ஓர் அறை, தீனி சேமிக்க ஓர் அறை, கழிப்பிடம் தனி. முக்கியமான ஒன்று: எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை.

இந்த அளவுகளே உங்களுக்கு வேண்டிய பதில்களைத் தந்துவிடும்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா? கூடாது. பொன்னிற ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனியாகத்தான் வாழும். இரண்டைச் சேர்த்து வைத்தால் சண்டை. சில நேரம் சாவு. நமக்குத் தனிமை வருத்தம் தரும். அதற்குத் தனிமைதான் நிம்மதி.

எவ்வளவு பெரிய வீடு வேண்டும்? தரைப்பரப்பு குறைந்தது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். கடையில் கொடுக்கும் வண்ணக் கூண்டு இதில் கால்வாசிகூட இருக்காது. பழைய பெரிய மீன்தொட்டி கிடைத்தால் நல்லது. மேலே கம்பிவலை மூடி போடுங்கள். ஒரு பக்கமாவது ஒரு அடி ஆழத்துக்கு மரச்சீவலும் அச்சடிக்காத காகிதத் துண்டுகளும் வைக்கோலும் கலந்து அழுத்தி நிரப்புங்கள். வைக்கோல் கலந்தால் சுரங்கம் இடியாது. பைன், தேவதாரு மரச்சீவல் வேண்டாம். அதன் வாசனை மூச்சுக்குழாயை உறுத்தும். பஞ்சும் கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஓட ஒரு சக்கரம் அவசியம். இரை தேடி ஓடும் விலங்கு அது. பொன்னிற ஹாம்ஸ்டருக்குச் சக்கரத்தின் விட்டம் 28 செ.மீ. இருக்க வேண்டும், சிறியதானால் முதுகு வளையும். படிக்கம்பிகள் உள்ள சக்கரத்தில் கால் மாட்டும். ஓடும் பரப்பு இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

கட்டர்மன் குழு இன்னொரு வியப்பையும் கண்டது. ஆய்வகத்தில் இரவில் மட்டும் சுற்றும் இந்த விலங்கு, சிரியா வயல்களில் காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தில் இரை தேடியது! இதை 2008இல் வெளியிட்டார்கள். ஒரு விலங்கைக் கூண்டில் மட்டும் பார்த்துவிட்டு, அதை முழுக்கத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நம் வீட்டு ஹாம்ஸ்டர் இரவில்தான் விழிக்கும். பள்ளி விட்டு வந்ததும் விளையாட ஆசையாக இருக்கும். அப்போது அதை எழுப்பாதீர்கள். தூக்கத்தில் எழுப்பினால் பயந்து கடித்துவிடும்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

இதுதான் நம் தாம்பரம் பக்கத்தில் பெரிய கேள்வி. ஹாம்ஸ்டருக்கு ஏற்ற வெப்பநிலை சுமார் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. இங்கேயோ மே மாதத்தில் 40ஐத் தாண்டும்.

“ஃபேன் போட்டுடலாம் அத்தை” என்றாள் அண்ணன் மகள். ஃபேன் காற்று நமக்கு ஏன் குளுகுளுவென்று இருக்கிறது? நம் தோலில் வியர்வை இருக்கிறது. காற்றுப் பட்டதும் அது ஆவியாகிறது; ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஹாம்ஸ்டருக்கு உடம்பில் வியர்ப்பதில்லை. நாயைப் போல நாக்கை நீட்டி இளைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் ஃபேன் அதற்குப் பெரிதாக உதவாது.

“அப்ப ஏ.சி.?” நாம் ஏ.சி. போடுவது இரவில். ஹாம்ஸ்டருக்குக் குளிர்ச்சி வேண்டியது பகல் இரண்டு மணிக்கு. அந்நேரம் அம்மா அப்பா வேலைக்குப் போயிருப்பார்கள். மின்சாரம் போனாலும் யாருக்கும் தெரியாது.

சிரியாவிலும் கோடை கடுமைதான். அங்கே ஹாம்ஸ்டரைக் காப்பாற்றுவது மண். மண் மெதுவாகச் சூடாகும். ஆழம் போகப் போகச் சூடு குறையும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வெப்பமானிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மரநிழலில் ஒன்றரை அடிக் குழி தோண்டி ஒன்றை அடியில் வைத்து மூடுங்கள். மற்றதை அதே நிழலில் தரைக்கு மேல் தொங்கவிடுங்கள். பகல் இரண்டு மணிக்கு இரண்டையும் பாருங்கள். வித்தியாசம்தான் வளையின் மதிப்பு.

வீட்டுக்குள் அந்த வளையை எப்படிக் கொண்டுவருவது? கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோர அறையைத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறை வேண்டவே வேண்டாம். நிறம் பூசாத மண்சட்டி ஒன்றைப் படுக்க வைத்து மரச்சீவலுக்குள் பாதி புதையுங்கள். அதுதான் குளிர்ச்சியான படுக்கையறை. தண்ணீர்ப் பாட்டிலை உறைய வைத்து, துணியில் சுற்றி, தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். இத்தனைக்கும் பிறகு ஹாம்ஸ்டர் தட்டையாகச் சரிந்து படுத்து, வேகமாக மூச்சு விட்டு, எழ மறுத்தால், அது வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியின் மேல் கிடத்தி, மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்துக்கும் எச்சரிக்கை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் தொட்டியை உயரத்தில் வையுங்கள். ஈரமான மரச்சீவலில் பூஞ்சை பிடிக்கும், உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

எறும்புகளை மறக்காதீர்கள். ஹாம்ஸ்டர் சேமித்த தீனியைத் தேடி அவை வரும். தூங்கும் ஹாம்ஸ்டரையும் கடிக்கும். எறும்பு மருந்து போடக்கூடாது. நம் பாட்டிகள் செய்ததுபோல, தொட்டி வைத்த மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கொசுவர்த்திப் புகையும் அந்த அறையில் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதன்முறை வளர்ப்பவர்களுக்குப் பொன்னிற ஹாம்ஸ்டர் ஏற்றது. எடை 100 முதல் 150 கிராம், ஒரு கொய்யாப்பழம் அளவு. கையில் அடங்கும், நிதானமாக நடக்கும். குள்ள வகைகள் எலுமிச்சம்பழ எடைதான். மின்னலாக ஓடும், சிறு சந்திலும் நழுவும். அவை பார்த்து ரசிக்க ஏற்றவை; கையில் வைத்துப் பழக அல்ல.

2018ஆம் ஆண்டு விதிகளின்படி, செல்லப்பிராணிக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லி அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். கண் பளிச்சென்று, மூக்கு ஒழுகாமல், ரோமம் சொட்டை இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். முக்கியமாக வாலடியைப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தால் ஈரவால் எனும் கடும் வயிற்றுப்போக்கு நோய். இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறிக்கும். ஒன்றுக்கு வந்திருந்தால் அதே கூண்டிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.

ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் கவனம். பொன்னிற ஹாம்ஸ்டரின் கர்ப்பகாலம் வெறும் 16 நாள். பாலூட்டிகளில் மிகக் குறைந்த கர்ப்பகாலங்களில் இதுவும் ஒன்று. ஒன்று வாங்கி வந்து இரண்டு வாரத்தில் எட்டு ஆகிவிடலாம்!

தினமும் செய்ய வேண்டியவை

கம்பு, தினை, சாமை, கோதுமை, ஓட்ஸ் கலந்து தினமும் ஒரு மேசைக்கரண்டி. கூடவே நகத்தளவு கேரட் அல்லது வெள்ளரிக்காய். வாரம் இரண்டு முறை உப்பில்லாத அவித்த முட்டை வெள்ளைக்கரு சிறிது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், ஒன்றிரண்டு போதும். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, சாக்லேட், மிக்சர், முறுக்கு கூடாது. கடலை மிட்டாய் கன்னப்பையில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் கூடாது. குடிக்க எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

கழிப்பிட மூலையைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். ஆனால் மரச்சீவலை ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மங்கல். மூக்குதான் அதன் கண். இடுப்பின் இரு பக்கமும் உள்ள வாசனைச் சுரப்பிகளைத் தேய்த்துத் தன் வீடு என்று குறி வைக்கும். பழையதில் கொஞ்சம் விட்டுவைத்தால்தான் அது கலங்காது. தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. ஒரு தட்டில் சுத்தமான மணல் வைத்தால் தானே புரண்டு குளிக்கும்.

வந்த முதல் சில நாட்கள் தொடாதீர்கள். பிறகு உள்ளங்கையில் ஒரு விதை வைத்துக் காத்திருங்கள். அது தானே ஏறும். தரையில் உட்கார்ந்து இரு கைகளாலும் ஏந்துங்கள். மேசை விளிம்பு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது, நடந்து விழுந்துவிடும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

விடுமுறைக்குத் தாம்பரத்தில் ரயிலேறி ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். நோய் வந்தால், மின்ரயிலில் எழும்பூர் போய் இறங்கினால் வேப்பேரி பக்கம்தான். டோனோவன் கிருமியைக் கண்ட அதே 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹாம்ஸ்டர் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டுகள்தான் வாழும். ஆறாம் வகுப்பில் வாங்கினால் ஒன்பதாம் வகுப்புக்குள் அது இருக்காது. அழுகை வரும். அதுவும் வளர்ப்பதில் ஒரு பகுதி. சலித்துவிட்டது என்று ஏரிக்கரையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். காகமும் கீரியும் ஒரு நாள்கூட அதை விட்டுவைக்காது.

அண்ணன் மகள் அன்றைக்கு ஹாம்ஸ்டர் வாங்கவில்லை. ஒரு வெப்பமானி வாங்கினாள். வீட்டில் அறை அறையாக, பகல் இரண்டு மணிக்கு, ஏழு நாள் குறித்தாள். பின்கட்டு அறைதான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி என்று கண்டுபிடித்தாள். ஆனாலும் மே மாதத்துக்கு அது போதவில்லை. மழைக்காலம் முடிந்து, தொட்டி நிரப்பி, தை மாதத்தில் ஒரு பொன்னிற ஹாம்ஸ்டர் வந்தது. முதல் இரவே அது வளை தோண்டிவிட்டது. அடுத்த கோடைக்குப் பகலிலும் அந்த அறையைக் குளிர்ச்சியாக வைப்பது தன் பொறுப்பு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் அவளைப் போலவே செய்யுங்கள். ஏழு நாள் குறித்துப் பாருங்கள். 30 டிகிரிக்குக் கீழ் வைத்திருக்க வழியே இல்லையென்றால், ஹாம்ஸ்டர் வேண்டாம். அதற்குப் பதிலாக அணிலையோ பச்சைக்கிளியையோ பிடித்துக் கூண்டில் வைக்கவும் வேண்டாம். அவை காட்டு உயிர்கள், பச்சைக்கிளியை அடைப்பது சட்டப்படி குற்றம். வேப்பமரத்தடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். அணில் தானே வந்து குடிக்கும். எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து வையுங்கள்.